அமரக்காரர் நிலமும் பட்டாளத்துக்காரர் பிள்ளையும்

1888ஆம் ஆண்டு புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பல தலைமுறைக் கணக்கு ஒன்று தீர்க்கப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அப்போது சிறுவர். ஆட்சியை நடத்தியவர் திவான் சேஷய்ய சாஸ்திரி. அவர் கொண்டுவந்த இனாம் செட்டில்மெண்ட், படைப்பணிக்காக 'அமரம்' நிலங்களை அனுபவித்துவந்த குடும்பங்களை அந்தப் பணியிலிருந்து விடுவித்தது. நிலம் அவரவருக்கே சொந்தமானது. அதன்மேல் சலுகைத் தீர்வை ஒன்று விதிக்கப்பட்டது. அரண்மனை கூப்பிட்டால் ஆயுதத்தோடு போய் நிற்க வேண்டிய கடமை அன்றோடு முடிந்தது.

அந்தக் கடமை சமஸ்தானத்தின் வயதோடு சேர்ந்து வளர்ந்தது. 1686இல் ரகுநாதராயத் தொண்டைமான் ஆட்சிக்கு வந்த காலத்தில், மாதச் சம்பளம் கொடுத்துப் பெரிய படையை வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கஜானாவில் பணம் கிடையாது. நிலம் இருந்தது. சேர்வைக்காரர் என்ற தலைவர்களுக்குப் பெரிய பங்கும், அவர்களுக்குக் கீழே இருந்த அமரக்காரர்களுக்குச் சிறிய பங்கும் கொடுக்கப்பட்டன. உழுது சாப்பிடு, சண்டை வந்தால் வந்துவிடு என்பதுதான் ஏற்பாடு. வாளும் வேலும் வளரியும் வீட்டிலேயே இருந்தன. சண்டை இல்லாத நாட்களில் முறைபோட்டுக் காவல் காப்பார்கள், தசராவுக்கு ஊர்வலத்தில் நிற்பார்கள். ஊழியக்காரர் என்று இன்னொரு வகுப்பாரும் இருந்தார்கள். அரசின் பங்கு விளைச்சலைக் காப்பது, அறுப்பது, கோயில் தேர் இழுப்பது போன்ற வேலைகள் அவர்களுடையவை. படைக்காரனின் பெயருக்கு வந்த பெருமை இவர்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை, ஆனால் இவர்களுடைய உழைப்பு இல்லாமல் எந்தப் படையும் சோறு தின்றிருக்க முடியாது.

புதுக்கோட்டையை ஆராய்ந்த நிக்கலஸ் டர்க்ஸ் என்ற அறிஞர் 1987இல் வெளியிட்ட நூல், பயிரிடப்பட்ட நிலத்தில் பாதிக்கும் மேல் ஏதாவதொரு மானியமாகவே இருந்ததைக் காட்டுகிறது. கோயில் மானியம், பிராமணர் மானியம், சத்திர மானியம் போக மிச்சத்தில் பெரும்பகுதி படைக்கும் ஊழியத்துக்கும் உரியது. ஒரு நாட்டின் மண்ணில் இவ்வளவு பங்கைப் போருக்காக எழுதிவைத்தார்கள் என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

இந்த வழக்கம் தொண்டைமான்கள் கண்டுபிடித்ததும் அல்ல. போரில் விழுந்தவனின் வாரிசுகளுக்கு இறையிலியாக நிலம் விடுவதைத் தமிழ்க் கல்வெட்டுகள் 'உதிரப்பட்டி' என்று குறிக்கின்றன. இதே மாவட்டத்தில் விராலிமலைப் பக்கம் கொடும்பாளூர் இருக்கிறது. மூவர்கோயிலைக் கட்டிய இருக்குவேளிர்களின் ஊர். அந்தக் குலத்துப் பராந்தகன் சிறியவேளார் பத்தாம் நூற்றாண்டில் சோழருக்காக ஈழத்துப் போருக்குப் போய் அங்கேயே மாண்டார். தலைவனின் சாவைக் கல்வெட்டு சொல்லிவிட்டது. அவனோடு கடல் தாண்டிப் போன சாதாரண வீரர்களின் வீடுகளுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் எந்தப் போரிலும் கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி.

1750களில் அந்தக் கேள்வி புதுக்கோட்டைச் சீமை முழுவதற்கும் வந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காக மோதியபோது, தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கமும் ஆற்காட்டு நவாப் முகமது அலி பக்கமும் நின்றார். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அரிசியும் மாடுகளும் இந்தச் சீமை வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பழிவாங்க 1754இல் பிரெஞ்சுப் படை தொண்டைமான் நாட்டுக்குள் புகுந்தது. ஊரார் கால்நடைகளையும் பண்டபாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு அடர்ந்த காட்டுக்குள் போய்விட, வந்தவர்கள் ஆளில்லாத கிராமங்களைக் கொளுத்தினார்கள். அமர நிலம் பெற்றவன் சண்டைக்குப் போனான் என்றால், நிலமே பெறாதவனும் கூரையைப் பறிகொடுத்தான்.

பின்பு மைசூர்ப் போர்கள், பாளையக்காரர் போர்கள். கட்டபொம்மன் 1799இல் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் தொண்டைமான் ஆட்களிடம் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இந்த மாவட்டத்தின் வரலாற்றில் இன்னும் வலிக்கிற இடம் அது, மழுப்பிப் பேசுவதில் பயனில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செய்த உதவிகளுக்காகக் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் 1803இல் தொண்டைமானுக்கு வழங்கப்பட்டன. ஆண்டுக்கு ஒரு யானை கப்பமாகக் கட்ட வேண்டும் என்று பேச்சு. அந்த யானையை யாரும் கேட்டு வாங்கவில்லை, 1836இல் அதையும் விட்டுக்கொடுத்தார்கள். வெற்றியின் பரிசு இப்படி அரண்மனைக்கு வந்தது. அதன் பிறகு கம்பெனியின் நிழலில் போர் நின்றது. அமரக்காரர்களின் வேலை வெறும் காவலாகவும் சடங்காகவும் சுருங்கிப்போனது. சேஷய்ய சாஸ்திரியின் கண்ணுக்கு அந்த நிலங்கள் வருமானமில்லாமல் கிடந்தவையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆனால் காலப் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். அமரம் தீர்ந்த அதே 1880களில் பிரிட்டிஷ் படையின் கதவும் தமிழர்களுக்குச் சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று உறுதியாக நம்பினார். 'போர்க்குணச் சாதிகள்' என்ற அந்தக் கொள்கையால் ஆள்சேர்ப்பு பஞ்சாபுக்கும் நேபாளத்துக்கும் நகர்ந்தது. ஆற்காட்டிலும் மைசூரிலும் கம்பெனிக்கு வெற்றி தேடித்தந்தவர்களின் பேரன்களுக்கு வீரம் போதாது என்று ஒரு தளபதி தீர்ப்பெழுதினார். அப்பட்டமான அநியாயம் அது. 1920களின் முடிவுக்குள் மதராஸ் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் அது மறுபடி எழுப்பப்பட்டது. அந்தப் போரில் இந்தியப் படை 25 லட்சம் பேராகப் பெருகியது.

வானம் பார்த்த பூமியான இந்தப் பகுதியிலிருந்து பிழைப்புக்காக பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் ஏராளம். மலேயாவில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களில் தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் பெருந்தொகை. அவர்களில் பலர் அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. 1972இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது அவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது, போர் முடிந்து 27 ஆண்டுகள் கழித்து.

அமெரிக்கா இதே போருக்குப் பின் வேறு விதமாக நடந்துகொண்டது. 1944 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டப்படி, திரும்பிவந்த வீரனின் கல்லூரிக் கட்டணத்தையும் படிக்கும் காலத்துச் செலவையும் அரசே ஏற்றது. 1956க்குள் ஏறத்தாழ 78 லட்சம் பேர் அதன்மூலம் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். அந்த நாட்டின் நடுத்தர வர்க்கம் பெருகியதில் இதற்குப் பெரிய பங்குண்டு. கறுப்பின வீரர்களுக்கு மட்டும் அந்தக் கதவு பல மாநிலங்களில் பாதிதான் திறந்தது.

இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு போருக்குப் பிந்தைய புனரமைப்பு நிதி ஒன்றைத் தொடங்கியது. சண்டையிடும் வீரன் ஒருவனுக்கு மாதம் 2 ரூபாய், மற்ற பணியாளனுக்கு 1 ரூபாய் என்று அதில் சேர்த்தார்கள். தனியொருவன் கல்லூரிக்குப் போகும் உரிமை அதில் இல்லை. மொத்தமாகச் சேர்ந்த அந்தப் பணம் மாகாணங்களின் முன்னாள் படைவீரர் நலப்பணிக்கு அடித்தளமானது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொள்ளும் காகிதக் கொடிக்காகப் பிள்ளைகள் கொடுத்த காசும் படைவீரர் நலப்பணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. போரின் சுமையில் பொதுமக்கள் நேரடியாகத் தோள் கொடுக்கும் வழிகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்ன ஆசிரியர்கள் நல்ல காரியம் செய்தார்கள்.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. இன்று இந்த மாவட்டத்துப் பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்புதவி வேண்டுமென்றால், அடையாள அட்டையும் டிஸ்சார்ஜ் புத்தகமும் எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 2006-07இல் தொடங்கிய பிரதமர் உதவித்தொகைத் திட்டம் தொழிற்படிப்பு படிக்கும் பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாயும் பையனுக்கு 2,500 ரூபாயும் தருகிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 5,500 பேர்தான். மதிப்பெண்ணில் முந்த வேண்டும். போரில் உயிரிழந்தோர், ஊனமுற்றோர் பிள்ளைகளின் முழுக் கல்விச் செலவையும் ஏற்கும் திட்டம் 1971 போரையடுத்து வந்தது. 2017இல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, 2018 மார்ச்சில் வரம்பு நீக்கப்பட்டது. அப்பனைக் கொடுத்துவிட்ட பிள்ளையிடம் ஃபீஸ் கணக்கு பார்த்த அந்தச் சில மாதங்கள் நேர்ந்திருக்கவே கூடாது.

அமர நிலம் தகப்பனுக்குப் பின் மகனுக்குப் போகும், கூடவே கடமையும் போகும். உதவித்தொகையில் கடமை இல்லை. பட்டாளத்துக்காரரின் மகள் நர்ஸாகலாம், பொறியாளராகலாம், படைமுகாமையே எட்டிப் பார்க்காமல் இருக்கலாம். தலைமுறைச் சுமையைக் கல்வி அறுத்துவிட்டது என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம்தான்.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்த ஏற்பாட்டை மறுபடி மாற்றியிருக்கிறது. பணிக்காலம் நான்கு ஆண்டு. முடிவில் நூற்றில் 25 பேருக்கு மட்டும் நிரந்தரப் பணி. மற்றவர்களுக்குச் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் உண்டு, ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் தகுதியோ கிடையாது. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழும், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக, படைப்பயிற்சிக்கே பாதி மதிப்பெண் புள்ளிகள் தரும் பட்டப்படிப்பும் ஏற்பாடாகியிருக்கின்றன. இனி படிப்பு பிள்ளைக்கு அல்ல, வீரனுக்கே. 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போன முதல் அணி வெளியே வரும்போது அவர்களில் பலருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகியிருக்காது. முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தின் பதிவேட்டில் இன்றைய விதிப்படி அவர்களுக்குப் பக்கம் இல்லை. அதைத் திருத்தக் கேட்பது அவர்களின் வேலை மட்டும் அல்ல, அவர்களை அனுப்பிவைத்த ஊர்களின் வேலையும்தான்.