சுரங்கம் புகட்டிய பாடம்

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில், யந்திரங்கள் பெருகுவதற்கு முன்னர், இரண்டு மூன்று பேர் சிறு குழுவாகச் சேர்ந்து, கரியை வெட்டுவது, அள்ளுவது, கூரைக்கு முட்டுக் கொடுப்பது ஆகிய காரியங்களையெல்லாம் தாமே செய்து, ஆபத்துக் காலத்தில் ஒருவரையொருவர் காத்து, கூலியையும் பகிர்ந்துகொண்டனர். பின்னர் வெட்டு யந்திரமும் கரியைச் சுமந்தோடும் பட்டையும் வந்து, நீண்ட சுவர் போன்ற கரிமுகத்தில் சுமார் 40 பேரை மூன்று ஷிப்டுகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலையையே விதித்தபோது, பழைய தோழமை குலைந்து, ஒரு ஷிப்டின் குறை அடுத்த ஷிப்டின் சுமையாகி, பரஸ்பர நம்பிக்கை தேய்ந்தது.

லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிலையத்தின் எரிக் டிரிஸ்டும், முன்பு சுரங்கத் தொழிலாளியாயிருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951-ல் வெளியிட்ட கட்டுரை, இத்துன்பத்தின் மூலகாரணம் யந்திரமோ மனிதரோ தனித்து அல்ல, இரண்டின் பொருத்தமின்மையே என்று புலப்படுத்திற்று. சமூகமும் தொழில்நுட்பமும் பிணைந்த ஒரே அமைப்பு என்னும் தத்துவம் அங்கே வேரூன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆய்வாளர் ஏ. கே. ரைஸ் அதனை ஆமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிகளிடையே பரீட்சித்தார்.

விமானமாயினும் மருத்துவமனையாயினும், இயக்குபவரின் உறவுகளையும் சேர்த்தே திட்டமிடாத பொறியியல் பூரணமாகாது என்பதே அச்சுரங்கத்தின் இருள் நமக்குக் காட்டிய வெளிச்சம்.