பிரெஞ்சுப் படைத்துறைச் சொற்கள் ஆங்கிலம் புக்க வரலாறு

1711ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' 165ஆம் இதழில் ஜோசப் அடிசன் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டி நகையாடினார். 1704இல் நிகழ்ந்த பிளென்ஹீம் போரில் நின்ற இளைஞன் ஒருவன் ஊரிலுள்ள தன் தந்தைக்கு எழுதியதாக அமைந்தது அக்கடிதம். அதன்கண் வேவு பார்த்தல் 'ரெகனாய்ட்டர்' ஆயிற்று. மேட்டு நிலம் 'ஓத்தர்' ஆயிற்று. அகழி 'ஃபோசே' ஆயிற்று. பணிவறிவிக்கும் முரசொலி 'ஷமாட்' ஆயிற்று. தந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஊர்க் குருவிடம் அதனைக் கொண்டு சென்றார். குருவுக்கோ சினமே மிஞ்சியது. முரசு எங்ஙனம் செய்தி கொண்டு வரும், 'கார்ட் பிளான்ஷ்' என்பான் யாவன் என்று அவர் வினவினாராம். பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் களத்தில் வென்று வருகையில், பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தை வென்று வருகின்றன என்பது அடிசனின் குறை. அயற்சொல்லைத் தடுக்கக் கண்காணிப்பாளர் வேண்டும் என்று அவர் எழுதினார்.

இவ்வங்கதத்தில் ஒரு நுட்பம் உண்டு. குரு இடறிய இடங்களுள் முரசும் ஒன்று. அதற்கு வழங்கிய 'டிரம்' என்னும் சொல் ஆங்கிலேயர் நாள்தோறும் வழங்குவது. அஃது ஈண்டு முரசறைவோனுக்கு ஆகுபெயராய் நின்றது. அதனை அறியாமையாலேயே அவர் மயங்கினார். அடிசன் அயற்சொல்லின் வரவுக்கு அஞ்சினார். ஆனால் அடுத்த இரு நூற்றாண்டுகளின் மொழிபெயர்ப்புகளை நோக்கின், அயலெனத் தோன்றும் சொல்லால் விளைந்த கேடு சிறிதே. தன்மொழிச் சொற்போலத் தோன்றி வேறு பொருள் தாங்கி நின்ற சொல்லால் விளைந்த கேடே பெரிது என்பது புலனாகும். தொல்காப்பியர் வகுத்த நெறியில் கூறுவதாயின், திசைச்சொல்லினும் இயற்சொற் போர்வையில் வந்த திசைச்சொல்லே இடர் செய்தது எனலாம்.

கோட்டைக் கலையினின்று தொடங்குவோம். 16ஆம் நூற்றாண்டில் இக்கலைக்கு ஆசிரியர் இத்தாலியர். 'பாஸ்டியன்', 'பாரபெட்' ஆகிய சொற்கள் அவர்தம் மொழியினின்று பிரெஞ்சிற் புக்கு, அதன் வழியே ஆங்கிலம் போந்தவை. பிரெஞ்சுக்காரரே கடன் வாங்கியவற்றைத்தான் ஆங்கிலேயர் பிரெஞ்சு என்று எண்ணி வெறுத்தனர். டியூடர் காலத்து ஆங்கிலேயர் கோணக் கொத்தளத்தைப் 'புல்வார்க்' என்று வழங்கினர். பின்வந்த 'பாஸ்டியன்' அச்சொல்லைக் கலைவழக்கினின்று நீக்கிவிட்டது. பதினான்காம் லூயியின் பொறியாளர் வொபான் (1633–1707) புகழ் ஓங்கிய பின்னர்க் 'கிளாசி', 'ஃபாசீன்' முதலியன மாற்றமின்றி வந்தன. இவற்றால் எவரும் மயங்கியதாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் வேறு பொருள் இன்மையின், கற்பவன் சொல்லையும் பொருளையும் ஒருங்கே கற்றான்.

பெயர்த்தவற்றுள் வடிவம் பற்றியவை நன்கு அமைந்தன. 'தெமி-லூன்' அரைமதி ஆயிற்று. கொம்பு வடிவ அரண் கொம்பரண் ஆயிற்று. முடி வடிவினது முடியரண் ஆயிற்று. 'ஷெமன் கூவேர்' என்பதில்தான் இடர் நேர்ந்தது. அகழியின் வெளிக்கரை மேல், கிளாசி என்னும் சரிவின் உட்புறத்தே, பகைவர் குண்டுக்கு மறைவாகச் செல்லும் வழி அது. 'கூவேர்' என்பதற்கு ஈண்டுக் காப்புற்ற என்பது பொருள். கூரையிட்ட என்பது அன்று. ஆங்கிலத்தில் அது 'கவர்ட் வே' ஆயிற்று. வானம் பார்த்து நிற்கும் அவ்வழிக்குக் கூரை உண்டு போலும் என்று மாணவர் மயங்க அப்பெயரே இடந்தந்தது. டச்சு மொழியினின்று வந்த ஒரு சொற்றொடரும் இத்தகையதே. இழக்கத் துணிந்த முன்னணிக் குழுவை டச்சுக்காரர் 'ஃபெர்லோரன் ஹோப்' என்றனர். அவர்தம் 'ஹோப்' குழுவைக் குறிப்பது. ஆங்கிலேயர் செவிக்கு அது நம்பிக்கையைக் குறிக்கும் தம் சொல்லாய் ஒலித்தது. விளைந்த 'ஃபர்லார்ன் ஹோப்' என்னும் தொடர் இன்றும் வீண் நம்பிக்கை என்னும் பொருளில் வழங்குகின்றது.

பதவிப் பெயர்கள் இன்னும் வழுக்கலான நிலம். 'பிரிகாதியே' என்னும் பிரெஞ்சுச் சொல்லைக் கண்டவுடன் ஆங்கிலேயன் பிரிகேடியர் என்று எழுதத் துணிவான். குதிரைப்படையில் அச்சொல் கார்ப்பொரலைக் குறிப்பது. நம் படை வழக்கில் கூறின் நாயக். ஆகவே ஒரு வரியில் நாயக் தளபதியாகிவிடுவான். புரட்சிக்கு முற்பட்ட அரசர் படையிலோ கர்னலுக்கு மேற்பட்ட உயர் பதவிக்கும் 'பிரிகாதியே' என்னும் பெயர் உண்டு. ஆண்டும் படைப்பிரிவும் அறியாது இச்சொல்லைப் பெயர்க்க இயலாது. 'மாரெஷால்' என்பது இதனினும் விரிந்தது. குதிரை பேணும் ஏவலாளனைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லினின்று பிறந்த இஃது ஏணியின் எல்லாப் படிகளிலும் ஏறியிறங்கியது. பிரான்சின் மாரெஷால் நாட்டின் தலைமைத் தளபதிகளுள் ஒருவன். 'மாரெஷால் தெ காம்ப்' அவனினும் மிகத் தாழ்ந்த ஒரு ஜெனரல். 'மாரெஷால் தே லொஜி' குதிரைப்படையின் சார்ஜண்ட், அதாவது ஹவில்தார். 'மாரெஷால் ஃபெரான்' குதிரைக்கு இலாடம் அடிப்பவன். இரண்டாவதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கிலத்தில் 'ஃபீல்டு மார்ஷல்' வந்துவிடும். நெப்போலியன் காலப் படை வரலாறு எழுதும் இன்றைய ஆங்கில ஆசிரியர் பலர் 'ஷெஃப் தெ பத்தாயோன்', 'ஜெனரால் தெ பிரிகாது' முதலியவற்றைப் பிரெஞ்சிலேயே விட்டுவிடுகின்றனர். அடிசன் காணின் வருந்துவார். எனினும் அவர்கள் செய்வது தக்கதே.

சொல்லினும் அளவு மயக்கம் தருவது. பழைய பிரெஞ்சு 'லீவ்ர்' ஏறத்தாழ 489.5 கிராம், ஆங்கிலப் பவுண்டு 453.6 கிராம். குண்டின் எடையால் பீரங்கிக்குப் பெயரிட்ட காலம் அது. கிரிபோவால் 1765 முதல் திருத்தியமைத்த பிரெஞ்சுப் பீரங்கி முறையின் 12 லீவ்ர்ப் பீரங்கி, ஆங்கில அளவில் கிட்டத்தட்ட 13 பவுண்டுக் குண்டை எறிந்தது. கடற்படையின் 36 லீவ்ர்ப் பீரங்கிக்குக் குண்டு ஏறத்தாழ 39 பவுண்டு. இரு கப்பல்களின் வலிமையை ஒப்பிடுவோன் எண்ணை மட்டும் பெயர்த்து அலகைப் பெயர்க்காது விட்டால், பிரெஞ்சுக் கப்பலின் ஆற்றலில் ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்கைக் களைந்தவனாவான். நீட்டலளவையும் இவ்வாறே. பிரெஞ்சு அடி 32.48 செ.மீ.; ஆங்கில அடி 30.48 செ.மீ. நெப்போலியனின் உயரம் பிரெஞ்சு அளவில் 5 அடி 2 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டது, அதாவது ஏறத்தாழ 168 செ.மீ. அவ்வெண்ணையே ஆங்கில அளவாகக் கொண்டால் 157 செ.மீ. தான் வரும். அவர் குள்ளர் என்னும் பேச்சுக்கு இஃது ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. கில்ரே என்னும் ஓவியர் தம் கேலிச் சித்திரங்களால் அவரை முன்னரே சிறுவுருவினராக்கிவிட்டார். ஆனால் கேலிக்குச் சான்று போல் நின்று உதவியது பெயர்க்கப்படாத இவ்வலகே.

ஒரு சொல்லுக்கு இரு சொல் நிற்கும் இடமும் உண்டு. பிரெஞ்சில் 'மித்ராய்' என்பது சிறு குண்டுகளைத் திரளாக எறியும் முறைக்குப் பொதுப்பெயர். ஆங்கிலப் பீரங்கியாளர் அதனை இரண்டாகப் பகுப்பர்: தகரப் பெட்டியில் அடைத்தது 'கேனிஸ்டர்', பெருங்குண்டுகளைத் துணிப்பையில் வைத்துக் கட்டியது, திராட்சைக் குலை போலத் தோன்றலின், 'கிரேப் ஷாட்'. பின்னது பெரும்பான்மையும் கப்பற் பீரங்கிக்கு உரியது. 1795 அக்டோபர் 5இல் பாரிசுத் தெருவில் இளைஞனான பொனபார்ட் கலகத்தை ஒடுக்கியதனைக் கார்லைல் 1837இல் எழுதியபோது 'கிரேப் ஷாட்' என்றே எழுதினார். சபுலோன் திடலினின்று இழுத்து வரப்பட்டவை களப் பீரங்கிகள். அவற்றுக்கு இயல்பானது பெட்டிக் குண்டே. கார்லைலின் தொடர் செவிக்கு இனிதாயிருந்தமையால் நிலைத்துவிட்டது. இதனைப் பிழையென்று தள்ளுதல் எளிது. ஆனால் கார்லைல் பீரங்கி நூல் எழுதவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நூல் நூலாகப் பெயர்க்கும் பணி முறையாக நடந்த இடம் அமெரிக்கா. 1802இல் தோன்றிய வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரிக்குச் சில்வேனஸ் தேயர் 1817இல் தலைவரானார். அதற்கு முன்னர் ஐரோப்பாவுக்குச் சென்று நூல்கள் வாங்கி வந்தவர் அவர். பொறியியலுக்கும் கணக்குக்கும் உரிய பாடநூல்கள் பிரெஞ்சில் இருந்தமையால் மாணவர் பிரெஞ்சு பயின்றனர், பேசுதற்கன்று, படித்தற்கே. அவ்வாண்டிலேயே கே தெ வெர்னோன் எழுதிய போர்க்கலை, அரணியல் நூலை ஓகானர் ஆங்கிலத்தில் தந்தார். பிற்காலத்தில் சம்டர் கோட்டையைக் காத்துப் புகழ்பெற்ற ராபர்ட் ஆண்டர்சன், பிரெஞ்சுக் களப் பீரங்கிப் பயிற்சி நூலைப் பெயர்த்து 1839இல் வெளியிட்டார். ஹார்டியின் 1855ஆம் ஆண்டுக் காலாட்படைப் பயிற்சி நூலும் பெரும்பகுதி பிரெஞ்சு மூலத்தைத் தழுவியதே. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இருதரப்பினரும் அதனைக் கொண்டே படை பயிற்றினர். இப்பயிற்சி நூல்களில் மொழிபெயர்ப்பின் தரம் உயர்ந்து காணப்படுதற்குக் காரணம் உண்டு. ஏவற்சொல் பிழைத்தால் அணி குலையும். அப்பிழையைப் பயிற்சித் திடல் அன்றே காட்டிவிடும். பிரெஞ்சில் உடற்பயிற்சிக் கூடத்தை நினைவூட்டிய 'பா ஜிம்னாஸ்டீக்' என்னும் விரைநடையை அமெரிக்கர் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. நிமிடத்துக்கு 165 அடி வைக்கும் அதன் விரைவை நோக்கி 'டபிள் குயிக்' என்றனர். பொருளைக் கண்டு பெயர்த்தல் என்பது இதுவே.

ஜோமினியின் 1838ஆம் ஆண்டு நூலில் நின்ற 'லொஜிஸ்தீக்' வேறு வழியிற் சென்றது. படைக்குத் தங்குமிடம் வகுக்கும் அதிகாரியின் பட்டத்தினின்று அச்சொல் தோன்றியதாக அவர் விளக்கினார். வடிவம் கிரேக்கக் கணக்கியற் சொல்லோடும் ஒத்திருந்தது. 1862இல் மெண்டலும் கிரெய்கில்லும் செய்த மொழிபெயர்ப்பு அதனை ஏறத்தாழ அவ்வாறே வைத்துக்கொண்டது. இன்று அது படையையும் கடந்து வணிகத்தில் பெருவழக்குற்றது.

அவ்வாறாயின் கடன்சொல் எக்காலும் பாதுகாப்பானதோ எனின், அன்று. 20ஆம் நூற்றாண்டு அதனைக் காட்டும். வானூர்திச் சொற்கள் பிரெஞ்சினின்று வந்தபோது 'ஃபியூசலாஜ்', 'ஐலரான்' ஆகியவை பொருள் மாறாமல் நின்றன. பிரெஞ்சில் எக்கொட்டகைக்கும் உரிய 'ஆங்கார்' ஆங்கிலத்தில் வானூர்திக் கொட்டகை ஒன்றையே குறிக்கும் அளவுக்குச் சுருங்கியது. முதல் உலகப்போரில் வந்த 'பராஜ்' முற்றும் திரிந்தது. பிரெஞ்சில் அதன் பொருள் தடுத்தல், தடுப்பு, அணை என்பன. பகைவர் கடவாதபடி குண்டுமாரியால் இடும் திரை 'தீர் தெ பராஜ்'. ஆங்கிலேயர் முதலில் அதனைத் திரைத்தீ என்னும் பொருள்பட நன்றாகவே பெயர்த்திருந்தனர். பின்னர் அத்தொடரின் வாலை மட்டும் கடன் கொண்டனர். தடுத்தற் பொருள் உதிர்ந்து, பொழிதற் பொருள் எஞ்சியது. வினாக்களைச் சரமாரியாகத் தொடுப்பதும் இன்று 'பராஜ்' எனப்படும். பகை வானூர்தியைத் தடுக்கக் கம்பியிற் கட்டிப் பறக்கவிட்ட பலூன்களின் பெயரில் மட்டும் பழம்பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்திய நீர்ப்பாசனப் பொறியாளர் இச்சொல்லைப் படையினின்று பெறவில்லை. 1932இல் சிந்து ஆற்றின் குறுக்கே திறக்கப்பட்ட சுக்கூர்ப் 'பராஜ்' மதகுகளால் நீரைத் தடுத்து மேலேற்றும் கட்டு. தமிழில் நாம் கதவணை என்பது. நம் அணைக்கட்டு 'அனிகட்' என ஆங்கிலம் புக்கதும் அப்பொறியாளர் வழக்காலேயே. அமெரிக்க ஆங்கிலத்தில் இவ்விரு 'பராஜ்'களும் ஒலிப்பாலும் பிரிந்துவிட்டன: அணையைக் குறிப்பதற்கு அழுத்தம் முதலசையில், குண்டுமாரியைக் குறிப்பதற்கு இறுதியசையில்.