சைக்கிள் நிற்கிற வரை நாயும் நிற்காது! மலைப்பாதையில் நாயோடு சவாரி போறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

ஹெல்மெட்டில் மாட்டிய கேமரா. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், நடுவில் ஒற்றையடிப் பாதை. மவுண்டன் பைக் சரசரவென இறங்க, அதுக்கு ஈடுகொடுத்து காது பறக்க ஓடி வருது ஒரு பார்டர் கோலி. இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கம் போனா இந்த மாதிரி வீடியோ கண்ணில் படாம இருக்காது. அமெரிக்கா, கனடாவில் இப்படி கூடவே ஓடி வரும் நாய்களை ‘டிரெயில் டாக்’ என்றே சொல்கிறார்கள்.

பார்க்க ஜாலியா இருக்கு. ஆனா வீடியோ ஒரு நிமிஷத்தில் முடிஞ்சிடும், சவாரி ஒரு மணி நேரம் போகும். இறக்கம் வந்தா சைக்கிள் ஓட்டுறவர் பெடல் மிதிக்க வேண்டாம், சக்கரம் தானா உருளும். நாய்க்கு அந்த வசதி கிடையாது. ஏற்றம், இறக்கம், சமதளம் எல்லாமே அதுக்கு ஓட்டம்தான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. பல நாய்கள் ‘இனி முடியல’ என்று தானாக நிற்காது. முன்னால் போகிறவர் நிற்கிற வரை ஓடும். சில சமயம் விழுகிற வரை ஓடும்.

குளிர் பிரதேசத்துப் பழக்கம்

மவுண்டன் பைக்கிங் பிறந்த இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் உள்ள மரின் கவுண்டி. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் தடிமனான டயர் போட்ட பழைய சைக்கிள்களை டமால்பையஸ் மலைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் இறக்கத்தில் விட்டார்கள். 1976-ல் ‘ரீபேக்’ என்ற போட்டியே நடந்தது. இறங்கி முடிப்பதற்குள் பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், மறுபடி நிரப்ப வேண்டும். அந்த வேலைதான் போட்டிக்குப் பெயரானது.

பிறகு இந்த விளையாட்டு வடக்கே வாஷிங்டன் மாகாணம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காடுகள் வரை பரவியது. நாயைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் அங்கே சகஜம். மர நிழல், வழியெங்கும் ஓடை, வருஷத்தில் பல மாதம் குளிர். நாய் ஓடுவதற்கு ஏற்ற சூழல் அது. அதே வீடியோவைப் பார்த்துவிட்டு 34 டிகிரி வெயிலில் லாப்ரடாரை அவிழ்த்துவிட்டால் கதை வேற.

வெயில் இல்லைன்னா ஹீட் ஸ்ட்ரோக் வராதா?

வரும். இங்கேதான் பலரும் தப்புக் கணக்கு போடுறாங்க. நாய்க்கு ஹீட் ஸ்ட்ரோக் என்றதுமே பூட்டிய காருக்குள் விட்டுப் போனதுதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் 9 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வின்படி, வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களில் சுமார் நான்கில் மூன்று பங்குக்குக் காரணம் ஓட்டம், நடை போன்ற உடல் உழைப்பு. காருக்குள் அடைபட்டதால் வந்தது சுமார் 5 சதவீதம் மட்டுமே. பிரிட்டன் ஒன்றும் கொளுத்துகிற நாடு இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்க.

காரணம் நாயின் உடல் அமைப்பு. மனிதர்களுக்கு உடம்பு முழுக்க வியர்க்கும், காற்று பட்டதும் குளிரும். நாய்க்கு பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான் அதன் ஏசி. நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி வெப்பத்தை வெளியே கொண்டுபோகும். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அந்த ஆவியாதலும் சரியாக நடக்காது. மழை பெய்து ஓய்ந்து புழுக்கமாக இருக்கும் நேரத்தில், வெயிலே இல்லாவிட்டாலும் ஆபத்து இருப்பது இதனால்தான்.

ஓடும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாக அடிவாங்கும்.

முதல் அறிகுறி சின்னதாகத்தான் இருக்கும். சக்கரத்துக்குப் பின்னாலேயே வந்த நாய் பத்தடி பின்தங்கும். நாக்கு வழக்கத்தைவிட நீளமாகத் தொங்கும், நுனி அகலமாகி கரண்டி மாதிரி தெரியும். நிழல் கண்ட இடத்தில் ஒதுங்கப் பார்க்கும். சவாரியை முடிக்க வேண்டிய நேரம் அதுதான். ‘இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே’ என்று இழுத்தால் ஈறு கருஞ்சிவப்பாகும், எச்சில் கெட்டியாகும், நடை தள்ளாடும், வாந்தி வரும், கடைசியில் சுருண்டு விழும்.

விழுந்துவிட்டால்? டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும் என்றுதான் தோணும். ஆனா முதலில் குளிர்விக்கணும், அப்புறம்தான் வண்டி ஏற்றணும் என்கிறது கால்நடை மருத்துவம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று படும்படி விசிறணும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது. துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. எழுந்து நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகணும், ஏன்னா உள்ளுறுப்பு பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

எந்த நாயைக் கூட்டிட்டுப் போகலாம்?

பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாயே குறுகல், சும்மா நடந்தாலே அவற்றுக்கு இளைக்கும். பருமனான நாய், வயதான நாய், இதயக் கோளாறு உள்ள நாய் இவற்றுக்கும் இது பொருந்தும்.

குட்டிகளுக்கும் நோ. எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி மூடி உறுதியாக சின்ன இனங்களுக்கு ஒரு வருஷம் வரை ஆகும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வருஷமோ அதற்கு மேலோ ஆகும். அதற்கு முன்னால் கிலோமீட்டர் கணக்கில் ஓடவிட்டால் மூட்டு கெட்டுப்போகும்.

நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் ஓட்டத்துக்குப் பேர்போனவைதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனா அவை முயல் துரத்தும் வேட்டை இனங்கள். புதரில் ஏதாவது அசைந்தால் போதும், கூப்பிட்டாலும் காதில் விழாது.

சக்கரத்துக்கும் நாய்க்கும் நடுவில்

வெப்பத்துக்கு அடுத்த ஆபத்து சைக்கிள்தான். மவுண்டன் பைக்கில் டிஸ்க் பிரேக் தகடு இடது பக்கம் இருக்கும். மெல்லிசான எஃகு, வேகமாகச் சுற்றும். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் தோசைக்கல் போலக் காயும். பக்கத்தில் ஒட்டி ஓடும் நாயின் கால் அதில் பட்டால் தசை நார் வரை அறுந்துபோகலாம். அதனால்தான் ஒற்றையடிப் பாதையில் நாய் எப்பவும் பின்னால் வரணும்.

இதைப் பழக்க முதல் நாளே சைக்கிளில் ஏற வேண்டாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கணும், ‘பின்னாடி வா’ என்ற ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி, சரியாக வந்தால் தின்பண்டம் கொடுக்கணும். அது பழகிய பிறகு மெதுவாக ஓட்டலாம். முதல் சில வாரம் இரண்டு, மூன்று கிலோமீட்டரே அதிகம். நடுத்தர அளவு நாய் சௌகரியமாக ஓடுவது சுமார் 10 முதல் 15 கி.மீ. வேகத்தில்தான். சைக்கிளோ இறக்கத்தில் 30-ஐ சாதாரணமாகத் தொடும், அங்கே பிரேக் பிடிக்க வேண்டியது ஓட்டுபவர்.

நாயின் கயிறை ஹேண்டில்பாரில் கட்டுறது சிலருக்குப் பழக்கம். ஒரு மரத்தின் இந்தப் பக்கம் சைக்கிளும் அந்தப் பக்கம் நாயும் போனால் இரண்டு பேருக்கும் அடிதான். நாய் முன்னால் இழுத்து ஓடும் ‘பைக்ஜோரிங்’ என்பது தனி விளையாட்டு. அதற்கு உடம்பை அணைக்கும் ஹார்னஸ், இழுவையில் நீளும் கயிறு எல்லாம் தனியாக உண்டு. ஐரோப்பாவில் அந்தப் போட்டிகள் பெரும்பாலும் இலையுதிர், குளிர் மாதங்களில்தான் நடக்கும்.

காட்டுக்குள் நாய்க்கு அனுமதி உண்டா?

அமெரிக்காவிலேயே எல்லா இடத்திலும் கிடையாது. அங்குள்ள தேசியப் பூங்காக்களில் பெரும்பாலான மலைப்பாதைகளில் நாய்க்குத் தடை. ‘வில்டர்னஸ்’ என்று சட்டப்படி அறிவித்த காடுகளில் சைக்கிளுக்கே தடை.

காரணம் குரைப்பு மட்டுமில்லை, நோயும்தான். 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் பரவி சுமார் ஆயிரம் சிங்கங்கள் இறந்தன. ஊர் நாய்களிடமிருந்து பரவியிருக்கலாம் என்று கருதப்பட்டது. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது.

தமிழ்நாட்டில் நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் செந்நாய்களும் சிறுத்தைகளும் இருக்கு. நாயிடமிருந்து செந்நாய்க்கு நோய் தொற்றலாம், சிறுத்தைக்கோ நாய் இரை. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம், நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தேயிலைத் தோட்டச் சாலைகள் பலவும் தனியார் சொத்து, கேட்டுவிட்டுத்தான் போகணும்.

வீடு திரும்பியதும்

சவாரிக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே வயிறு நிறைய சாப்பாடு வேண்டாம், முடிந்த உடனேயும் வேண்டாம். பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

பிறகு விளக்கு வெளிச்சத்தில் பாதங்களைத் திருப்பிப் பாருங்க. தோல் உரிந்திருக்கா, முள் ஏறியிருக்கா என்று தெரியும். காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், வாலடியில் உண்ணி ஒட்டியிருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கணும். மறுநாள் காலையில் நாய் படுத்த இடத்திலிருந்து எழவே யோசித்தால், முந்தின நாள் தூரம் அதிகம்னு அர்த்தம்.