12 வருஷம் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்... 'பபிள் பாய்' டேவிட்டுக்கு என்ன பிரச்னை?

1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிறந்த டேவிட் வெட்டரை, பிறந்த சில நொடிகளிலேயே கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்தார்கள். காரணம், அவன் அண்ணன் 7 மாதக் குழந்தையாக நோய்த்தொற்றில் இறந்திருந்தான். 1984-ல் 12 வயதில் டேவிட்டும் இறந்தான். காரணமான ஜீனைக் கண்டுபிடித்தது 1993-லதான்!

அந்த ஜீன் பேரு ஐ.எல்.2.ஆர்.ஜி. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இளம் செல்கள், நோய் எதிர்ப்பு 'டி செல்'களாக வளர சில சிக்னல்கள் தேவை. அதை வாங்கும் 'ஆன்டெனா'வின் ஒரு பகுதியைச் செய்வது இந்த ஜீன்தான். இதில் பிழை இருந்தா டி செல்கள் வளராது. அவற்றின் உதவி இல்லாம, 'பி செல்'கள் இருந்தும் சரியா ஆன்டிபாடி தயாரிக்காது. சாதாரண சளிகூட உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். அம்மாவுக்கு இன்னொரு எக்ஸ் கைகொடுக்கும். மகனுக்கோ ஒரே எக்ஸ். அதனால், பிழையைச் சுமக்கும் அம்மாவின் ஒவ்வொரு மகனுக்கும் 50% வாய்ப்பு.

உங்க குடும்பத்தில் பச்சிளம் ஆண் குழந்தைகள் தொற்றால் இறந்திருக்காங்களா? பி.சி.ஜி, போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிடுங்க. இரண்டிலும் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி; இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. மத்த குழந்தைகளுக்குத் தயங்காம போடலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சு, முதல் சில மாதங்களிலேயே மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தா, பெரும்பாலான குழந்தைகள் பிழைச்சுடுறாங்க. கூடாரம் தேவையில்லை!