புளி போட்டுத் துலக்கிய காசு

"மலருக்குச் சரித்திர விஷயமா ஒரு கட்டுரை கொடுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். நான் செய்த ஒரு பாவத்தையே எழுதிவிடுகிறேன்.

1974. பி.யூ.சி. படித்த நேரம். முந்தின வாரம் நல்ல காற்று மழை. நாலு பேராகச் செங்கல்பட்டில் பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே மணலை அலை அரித்திருந்தது. ஒரு பையன், "அண்ணே, பழைய காசு வேணுமா?" என்று கையை நீட்டினான். பச்சை பிடித்த சின்னச் செப்புக்காசு. எட்டணா கொடுத்தேன். "செல்லாக்காசுக்கு எட்டணாவாடா!" என்று நண்பன் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். காசு தகதகவென்று மின்னியது. எழுத்து போயே போச்சு. ஒரு பக்கம் தலை மாதிரி ஒரு மேடு மட்டும் மிச்சம்.

அந்தப் பச்சை வெறும் அழுக்கல்ல. நூற்றாண்டுக் கணக்கில் செம்பின் மேல் படிந்த தோல். எழுத்தின் விளிம்பு பல சமயம் அதில்தான் தங்கியிருக்கும். தோலை உரித்தால் எழுத்தும் கூடவே போகும். இது எனக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது.

இந்தக் கரையில் காற்று மழைக்குப் பின் காசு பொறுக்குவது பழைய வழக்கம். மதராஸ் சிவிலியன் வால்டர் எலியட் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்திருக்கிறார். சோழமண்டலக் கரையில் ரோமானியக் காசும் சீனக் காசும் அகப்பட்டனவாம். மல்லையில் ரோமப் பேரரசர் தியோடோசியஸின் காசு கிடைத்ததும் பதிவாகியிருக்கிறது. அது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகேந்திரவர்மன் குகை குடைந்ததோ 7ஆம் நூற்றாண்டில். பல்லவர் சிற்பிக்கு முன்பே இந்தக் கரைக்குக் கப்பல்காரர் தொடர்பு இருந்தது என்று பேச அந்தத் துண்டுச் செம்பு இடம் கொடுக்கிறது.

காளை நின்றால் பல்லவர், மறுபக்கம் இரட்டைப் பாய்மரக் கப்பல் வந்தால் இன்னும் நிச்சயம். அரசன் தலை இருந்தால் ரோமானியம். ஆனால் இது தோராயக் கணக்குத்தான். ரோமானியக் காசைப் பார்த்து இலங்கையிலும் அச்சடித்திருக்கிறார்கள். ஆகவே எடை, விட்டம், இரு முகங்கள் எல்லாம் பார்த்துத்தான் பேர் வைக்க வேண்டும். பார்க்கும்போது வெளிச்சத்தைச் சாய்வாக விழவிடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடு அப்போது எழுந்து நிற்கும்.

எழுத்தின் அருமைக்கு ஒரு சாட்சி. சங்க காலத் தமிழ் வேந்தர்கள் சொந்தப் பேரில் காசு போட்டார்களா என்று சந்தேகம் இருந்த காலத்தில், 1980களில், 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு செப்புக்காசில் தமிழ்ப் பிராமி எழுத்தைக் கண்டு 'பெருவழுதி' என்று படித்தார். பாண்டியன் பேர்! அதையும் யாராவது என்னை மாதிரி புளி போட்டுத் துலக்கியிருந்தால்?

இளைய மாணவர்களுக்கு ஒன்று. மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. எனக்கு அன்று அது தெரியாது. பையனுக்கு எங்கே தெரியும்! எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் எடுத்தான் என்றுகூட நான் கேட்கவில்லை. பாலாற்று முகத்தில் வசவசமுத்திரத்தில் அகழ்ந்தவர்கள் உறைகிணற்றையும் ரோமானியச் சாடித் துண்டுகளையும் ஒரே ஊரில் சேர்த்துப் பார்த்ததால்தான் அதைத் துறைமுகம் என்று சொல்ல முடிந்தது. என் காசுக்கு அப்படி அக்கம்பக்கம் யாரும் இல்லை.

உறையில் போட்டு, "மாமல்லபுரம், கோயிலுக்குத் தெற்கே, 1974" என்று எழுதி வைத்திருக்கிறேன். சந்திப்பு அன்றைக்குக் கொண்டு வருகிறேன். லென்ஸ் இருக்கிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள்.