உறங்குவோரின் இதயம்: ஒரு நோய் அடையாளங் காணப்பட்ட வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்ன கருவியை ஆக்கினார், அதன்பின் இன்ன நோய் துலங்கிற்று என்ற வரிசையிலேயே அது அமைந்துவிடுகின்றது. ஆயின், ஒரு நோயின் குறிகள் முதன்முதல் எழுதிவைக்கப்பட்ட காலத்தையும், நோயாளர் அதனாற் பயன்பெற்ற காலத்தையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, இவ்விரண்டுக்குமிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி சிலவேளைகளிற் காணப்படுகின்றது. அவ்விடைவெளியைக் கருவிகளின் குறைபாட்டினால் மட்டும் விளக்கிவிட முடியுமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. இதயநோயும் உறக்கத்தில் நிகழும் சுவாசக் கோளாறும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தப்பட்ட வரலாறு இவ்வினாவுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

உறக்கச் சுவாசக் கோளாறுகள் பிரதானமாக இருவகைப்படும். முதலாவது வகையில், உறக்கத்திலே தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகின்றது. நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க முயல்கின்றன. காற்று மட்டும் உட்செல்வதில்லை. இரண்டாவது வகையில், வழி திறந்தேயிருப்பினும் மூச்சிழுக்குமாறு மூளையிலிருந்து வரவேண்டிய ஏவல் இடையிடையே நின்றுபோகின்றது. பத்துச் செக்கன்களோ அதற்கு மேலோ நீடிக்கும் நிறுத்தமே நோயெனக் கணக்கிற் கொள்ளப்படுகின்றது. மூச்சு நின்றதும் குருதியில் ஒட்சிசன் குறைகின்றது; மூளை ஒரு கணம் விழிப்படைகின்றது; குருதிக்கலன்கள் சுருங்கிக் குருதியமுக்கம் உயர்கின்றது. கடுமையான நோயில் இந்நிகழ்ச்சி ஓரிரவில் நூற்றுக்கணக்கான தடவை நடைபெறும். உறங்குபவர் இதனை அறியார். அவரது இதயமே இச்சுமையைத் தாங்குகின்றது.

1. படுக்கையருகே தோன்றிய அறிவு

நவீன இதய மருத்துவத்தின் தொடக்கங்களுள் ஒன்று ஒரு கிராமத்துப் பெண்ணின் கைமருந்திலே காணப்படுகின்றது. இங்கிலாந்தின் சுரொப்ஷயர்ப் பகுதியில் வாழ்ந்த ஒரு மூதாட்டி, உடலில் நீர்கோத்த நோயாளரை இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த ஒரு கலவையினாற் குணப்படுத்தி வந்தார். 1775இல் அக்கலவை பற்றி வில்லியம் விதறிங் என்னும் வைத்தியரின் கருத்துக் கேட்கப்பட்டது. அதிலே வினைபுரியும் பொருள் டிஜிற்றலிஸ் செடியே எனத் தெளிந்த அவர், பத்தாண்டுகள் நோயாளரிடத்து அதனைப் பயன்படுத்தி அவதானித்து, 1785இல் நூலாக வெளியிட்டார். நூலாசிரியரின் பெயர் நிலைத்தது. மூதாட்டியின் பெயர் பதிவுபெறவில்லை. மக்களிடையே வழங்கிய அனுபவ அறிவு எவ்வாறு ஏட்டறிவாக உருமாறியது என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

1816இல் பாரிஸ் நகரின் நெக்கர் வைத்தியசாலையில் லெனெக் என்பார் காகிதச் சுருளொன்றை ஓர் இளம் பெண்ணின் மார்பில் வைத்து இதயவொலியைக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இதுவே. 1819இல் அவரது நூல் வெளிவந்தது. நோயாளர் தம் வாயாற் கூறும் வரலாற்றோடு, உடலின் ஒலியையும் வைத்தியர் தாமே கேட்டறியும் புதிய மருத்துவமுறை அக்காலப் பாரிஸ் வைத்தியசாலைகளிலேயே வலுப்பெற்றது.

இக்காலத்திலேதான் நமது விடயத்துக்குரிய முதலாவது முக்கிய பதிவும் தோன்றிற்று. 1818இல், டப்ளின் நகரில் ஜோன் செய்ன் என்னும் வைத்தியர், அறுபது வயதான ஒருவரின் மூச்சினை விவரித்தார். மூச்சு கால் நிமிடம் முற்றாக நின்றுவிடும். பின்னர் மெல்லத் தொடங்கி, படிப்படியாகப் பெருகி விரைந்து, மீண்டும் தணிந்து நின்றுவிடும். இச்சுழற்சி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நிறைவுறும். நோயாளர் இறந்த பின்னர் அவரது இதயத் தசையிற் கொழுப்பு மிகுந்திருக்கக் காணப்பட்டது. அதே நகரின் வில்லியம் ஸ்ரோக்ஸ் 1854இல் வெளியிட்ட இதயநோய் நூலில் இம்மூச்சினை மீண்டும் விவரித்து, நலிந்த இதயத்தோடு அதனைத் தொடர்புபடுத்தினார். இருவரது பெயரையுஞ் சேர்த்தே அது இன்றும் செய்ன்-ஸ்ரோக்ஸ் சுவாசம் என வழங்குகின்றது.

கடிகாரமும் கண்ணும் தவிர்ந்த வேறெக்கருவியும் இவ்வவதானிப்புக்குத் தேவைப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. நகைப்புக்குரியதாகிய நோய்

செய்னும் ஸ்ரோக்ஸும் மரணப் படுக்கையிற் கண்டது ஒருபுறமிருக்க, வீடுகளிலும் வீதிகளிலும் எல்லோருங் கண்ட மற்றொன்று இருந்தது. அது குறட்டையும் பகலுறக்கமும். அதனை மருத்துவம் கவனிக்குமுன்னர் இலக்கியம் கவனித்தது. 1836-1837 காலப்பகுதியில் தொடராக வெளிவந்த பிக்விக் நாவலில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் ஜோ என்னுமொரு பையனைப் படைத்தார். மிகப் பருத்தவன், ஏவலாளன், உணவு பரிமாறும்போதும் கதவைத் தட்டும்போதும் நின்றபடியே உறங்கிக் குறட்டைவிடுபவன். வாசகர் நகைத்தனர். கும்பகருணனை எழுப்பும் காட்சியிற் சுவை கண்டு பழகிய தமிழ் வாசகருக்கும் இந்நகைப்புப் புதியதன்று. மிகுதியாக உறங்குபவர் எங்கும் நகைச்சுவைப் பாத்திரமாகவே விளங்கியுள்ளார்.

நகைப்பின் மறுபக்கம் கண்டனமாகும். தொழிற்சாலை முறை பரவிய காலத்திலே நேரம் பணமாக மதிப்பிடப்பட்டது. நேரந்தவறாமை தொழிலாளர்மீது சுமத்தப்பட்ட ஒழுக்கமாயிற்று. ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளது. இத்தகைய சூழலில், வேலைநேரத்தில் கண்ணயர்பவர் சோம்பேறியெனவே கொள்ளப்பட்டார். சோம்பல் ஒழுக்கக் குற்றமாகும். குற்றத்துக்குத் தண்டனையுண்டு, மருத்துவம் இல்லை. உறக்கம் நெடுங்காலம் மருத்துவத்தின் பார்வைக்குப் புறம்பாயிருந்தமைக்கு இக்கருத்துநிலையும் ஒரு காரணம் என நாம் கருதுகின்றோம்.

மருத்துவருள் எவரும் இதனைக் காணவில்லை எனக் கூறுவது பொருந்தாது. 1877இல் பிரோட்பென்ட் என்னும் ஆங்கில வைத்தியர், மல்லாந்து உறங்குவோரிடத்துக் குறட்டை நடுவே நின்று, மார்பு அசைந்தும் காற்று உட்புகாதிருந்து, பின்னர் பெரும் உறுமலோடு மூச்சு மீள்வதை எழுதிவைத்தார். அடைப்புவகைக் கோளாற்றின் சாரம் முழுவதும் அவ்விவரணத்தில் அடங்கியுள்ளது. எனினும் அடுத்த எண்பது ஆண்டுகளில் அதன்வழி ஒரு மருத்துவத்துறை உருவாகவில்லை.

3. இரவு ஆய்வுகூடத்தினுள் நுழைதல்

இதற்கிடையில் கருவிகள் பெருகின. லைடன் நகரில் ஐன்தோவன் இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் ஆக்கிய இழைமின்னோட்டமானி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. இதயமின்வரையம் அதன்மூலம் சாத்தியமாயிற்று. 1924இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே 1924இல் ஜேர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டார். ஆக, உறங்குபவரின் இதயத்தையும் மூளையையும் ஒருசேர அளக்கத்தக்க அடிப்படைக் கருவிகள் 1930களிலேயே கிடைத்திருந்தன. ஆயின் அளவை பகலிலேயே நிகழ்ந்தது. வைத்தியசாலையின் இரவு ஓய்வுக்குரியதாகக் கருதப்பட்டதேயன்றி ஆய்வுக்குரியதாகக் கருதப்படவில்லை.

1956இல் பொஸ்ரன் நகரிற் பேர்வெல்லும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்தில் விரிவாக நோக்கற்பாலது. அவர்களது நோயாளர் ஒரு வணிக நிறுவன நிருவாகி, மிகப் பருத்தவர். சீட்டாட்டத்தின்போது மூன்று ஏசும் இரண்டு இராசாவும் கையிலிருக்கத்தக்கதாக உறங்கிவிட்டார். வெல்லவேண்டிய ஆட்டத்தை இழந்தமையே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தது. கட்டுரையாளர் இந்நிலைக்குப் பிக்விக் நோய்த்தொகுதி எனப் பெயரிட்டனர். உடற்பருமனாற் சுவாசம் குறைந்து, குருதியிற் காபனீரொட்சைட்டு மிகுந்து, அதனால் உறக்கமும் வலப்பக்க இதயத்தின் தளர்ச்சியும் நேர்வதாக விளக்கினர். உறக்கத்தினுள்ளே மூச்சு நிற்பதை அவர்கள் நோக்கவில்லை. ஏவலாளனாகிய ஜோவின் உறக்கம் நூற்றிருபது ஆண்டுகள் நகைப்பாகவே நின்றது. நிருவாகியின் உறக்கம் மருத்துவக் கட்டுரையாகியது. ஒரு நாவற் பாத்திரத்தையும் ஓர் உண்மை மனிதரையும் ஒப்பிடுவதன் எல்லையை நாம் அறிவோம். எனினும் எவரது துன்பம் நோயென ஏற்கப்படுகின்றது என்பதில் வர்க்கத்துக்கும் பங்குண்டென்பதை இவ்வொப்பீடு உணர்த்துகின்றது.

1965ஆம் ஆண்டே திருப்புமுனையாக அமைந்தது. மார்செய் நகரிற் கஸ்தோவும் சகாக்களும், பிரைபூர்க் நகரில் யுங், கூலோ ஆகியோரும், தனித்தனியே, இத்தகைய நோயாளரை இரவு முழுவதும் பதிவுசெய்தனர். மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதும், அதனால் உறக்கம் துண்டுபடுவதும் அப்பொழுதே வெளிப்பட்டன. இவ்வாய்வாளர் மூளை, நரம்புத் துறைகளைச் சார்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. இத்தாலியின் பொலோஞா நகரில் லுகறேசியின் குழுவினர் குருதியமுக்கத்தையும் நுரையீரல் நாடியின் அமுக்கத்தையும் உறக்கத்திலே தொடர்ச்சியாக அளந்து, ஒவ்வொரு மூச்சுத்தடையோடும் அவை ஏறியிறங்குவதைக் காட்டினர். 1976இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிலெமினோவும் சகாக்களும் இந்நிலைகளை ஒரு நோய்த்தொகுதியாக வரையறுத்தனர். பருமனற்றவரும் இந்நோய்க்கு ஆளாகலாம் என்ற உண்மை இவ்வரையறையினால் வலுப்பெற்றது.

4. சிகிச்சை: கழுத்திலிருந்து மூக்குக்கு

முதலாவது பயனுறு சிகிச்சை கடுமையானது. அடைப்புத் தொண்டையிலே நிகழ்வதனால், அதற்குக் கீழே வாதனாளியிற் றுளையிட்டுக் குழாய் பொருத்துவதை 1969இற் கூலோவும் சகாக்களும் அறிவித்தனர். நோய் தணிந்தது, ஆயின் கழுத்தில் துளையோடு வாழ்வதற்கு எல்லோரும் இசைவதில்லை.

1980இல் சிட்னி நகரில் கொலின் சலிவன் வேறொரு வழியைக் கண்டார். மூக்கின்மேற் கவசம் பொருத்தி, சிறிதளவு அமுக்கத்தோடு காற்றினை இடையறாது செலுத்தினால், அக்காற்றே தொண்டையை உள்ளிருந்து தாங்கித் திறந்துவைக்கும். தூசு உறிஞ்சியின் மோட்டரைக்கொண்டு தொடக்ககாலக் காற்றூதி அமைக்கப்பட்டது. ஐந்து நோயாளரின் அனுபவம் 1981இல் லான்செற் இதழில் வெளிவந்தது. மருந்தோ கத்தியோ இன்றி, முதலிரவிலேயே மூச்சு சீரடைந்தது. இம்முறையே இன்றுவரை அடைப்புவகைக்குரிய பிரதான சிகிச்சையாக நிலவுகின்றது.

5. கணிப்பின் அரசியல்

நோயின் பரப்பினை 1993இல் வெளியான விஸ்கொன்சின் ஆய்வு புலப்படுத்தியது. வைத்தியசாலைக்கு வந்தவரை விடுத்து, 30 முதல் 60 வயது வரையுள்ள அரச ஊழியர் 602 பேரின் உறக்கம் பதிவுசெய்யப்பட்டது. மணித்தியாலத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ தடைகளைக் கொண்டோர் ஆண்களில் 24 வீதம், பெண்களில் 9 வீதம். அதுவரை உறக்கச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்தோர் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் களைப்பு, உறக்கமின்மை, தலைவலி என முறையிட்டமையால், அவர்களது நோய் மனச்சோர்வெனப் பலகாலும் பிறழக் கொள்ளப்பட்டது. மேலும், இந்நோய்க்குச் சாட்சி நோயாளர் அல்லர், அருகே உறங்குபவரே. கணவனின் மூச்சு நின்றதை இரவிரவாக விழித்திருந்து கண்ட மனைவியின் கூற்று, வீட்டுப்பேச்சாகத் தள்ளப்படாமல் மருத்துவச் சான்றாக ஏற்கப்பட்டமை இத்துறையின் ஒரு சனநாயக வளர்ச்சி எனலாம். 1991இல் மெல்பேணில் உருவான எப்வேர்த் வினாக்கொத்தும், 2008இல் ரொறன்ரோவில் வெளியான ஸ்ரொப்-பாங் வினாக்கொத்தும், ஒவ்வொன்றும் எட்டு வினாக்களைக் கொண்டவை, செலவற்றவை.

கருவிகளும் சமூகத்துக்குப் புறம்பானவையல்ல. விரல்நுனியில் ஒட்சிசன் அளக்கும் கருவியின் தத்துவத்தை 1970களின் தொடக்கத்தில் யப்பானியராகிய அஓயாகி கண்டார். அதன் எளிமை அளப்பரியது. ஆயின் 2020இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கறுப்பின நோயாளரிடத்து மறைந்த ஒட்சிசன் குறைபாட்டை இக்கருவி தவறவிடுதல் வெள்ளையரிலும் ஏறத்தாழ மும்மடங்கு எனக் காட்டியது. எத்தோலைக் கொண்டு ஒரு கருவி அளவு திருத்தப்படுகின்றது என்பது கருநிற மக்களாகிய நமக்கும் உரிய வினாவே.

சிகிச்சை பற்றிய நம்பிக்கைகளும் சோதனைக்குள்ளாயின. 2016இல் வெளியான, 2,717 இதய, மூளைக்குருதிக்கலன் நோயாளரைக் கொண்ட ஆய்வில், காற்றமுக்கச் சிகிச்சை பகலுறக்கத்தைக் குறைத்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைக் குறைக்கவில்லை. அவர்கள் கவசத்தை அணிந்தது இரவொன்றுக்குச் சராசரி 3.3 மணித்தியாலமே என்பதும் கருதத்தக்கது. இதனிலும் வியப்புக்குரியது 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு. இதயத்தின் குருதி வெளியேற்றும் ஆற்றல் குன்றி, மூளையேவல் தடைப்படும் வகைக் கோளாறுடைய 1,325 பேரை அது கொண்டிருந்தது. மூச்சுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் யந்திரம் அவர்களது மூச்சினைச் சீராக்கிற்று. ஆயின் இதயநோய் மரணம் யந்திரம் பெற்றோரிடத்து 29.9 வீதமாகவும், பெறாதோரிடத்து 24 வீதமாகவும் இருந்தது. செய்ன் கண்ட மூச்சு நோயின் மூலமன்று. நலிந்த இதயத்திற் குருதி மந்தமாகச் சுற்றுவதால், நுரையீரலின் நிலை மூளைக்குப் பிந்தியே எட்டுவதன் விளைவு அது. ஆகவே குறியை அழிப்பதினும் இதயத்தைப் பேணுவதே முதற்கடமை என்னும் தெளிவு பிறந்தது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இந்நோய் காணப்படாமையால் மறைந்திருக்கவில்லை என்பது புலனாகும். அது காணப்பட்டது, நகைக்கப்பட்டது, சோம்பலெனப் பழிக்கப்பட்டது. 2019இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் 30 முதல் 69 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 93.6 கோடிப் பேர் அடைப்புவகைக் கோளாறுடையவர். யந்திரத்தின் விலையும் ஆய்வுகூடத்தின் தொலைவும் இவர்களுட் பலருக்கு எட்டாதவை. இரவுக் காவலாளியும் தூரப்பயண வாகனச் சாரதியும் தமது உறக்கத்தை வெளிப்படுத்தின் வேலை போய்விடும் என அஞ்சி மறைக்கும் நிலை நீடிக்குமளவும், எந்த அளவுகருவியும் அவர்களை எட்டப்போவதில்லை. பகலிற் கண்ணயரும் தொழிலாளியைக் காணும்போது, தண்டனையை எண்ணுமுன் அவர் இரவில் எவ்வாறு மூச்சுவிடுகின்றார் என வினவும் வழக்கம் வேலைத்தலங்களிலும் வெளிநோயாளர் பிரிவுகளிலும் வேரூன்ற வேண்டும். அவ்வினாவுக்குப் பணம் தேவையில்லை. நோக்கு மாற்றமே தேவை.