தந்தியில் போன பூ

காலையில் பணம் கட்டினால் மாலைக்குள் வெளியூரில் பூங்கொத்து சேர்ந்துவிடுகிறது. இது இணையம் வந்த பிறகு வந்த வசதி இல்லை, நண்பர்களே.

1910இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் 15 பேர் கூடி எஃப்.டி.டி. என்ற சங்கம் தொடங்கினார்கள். பூவை ரயிலில் அனுப்பினால் வாடிவிடும். அதனால் தந்தியில் விவரம் மட்டும் போகும். அந்த ஊர்க் கடைக்காரர் தன் கடைப் பூவையே கட்டி அனுப்புவார். (பெர்லினில் மாக்ஸ் ஹூப்னர் 1908இலேயே இப்படி ஒன்றைத் தொடங்கியிருந்தார்.)

காசு ஒரு கடையில், பூ இன்னொரு கடையில். முகம் தெரியாதவர் கணக்கைத் தீர்ப்பார் என்று நம்பிப் பூவைக் கொடுத்தார்களே, எனக்கு அதுதான் பெரிய சங்கதி. பெயரின் நடுவிலுள்ள 'டி' டெலிகிராஃப். 1965இல் அதை 'டிரான்ஸ்வேர்ல்டு' ஆக்கினார்கள், எழுத்து மாறவில்லை!

இன்றும் பூ உள்ளூர்க் கடையுடையதுதான். இடையில் இருப்பவர் பங்கு போக மீதிதான் அந்தக் கடைக்கு. அங்கே கடை தெரிந்தால் நேரே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.